மெமோவும் முறுவலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

"அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கையும் நகைச்சுவையும்" என்னும் பொருள்பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தபோது நாங்கள் சற்றே திகைத்தோம். ஒழுங்கு நடவடிக்கை என்றால் அழுகை வரும். நகை எங்ஙனம் வரும் என்று கேட்டோம். செயலாளர் விடவில்லை. "இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் காகிதங்களோடு வாழ்கிறீர்கள். ஒரு நாளும் சிரிக்காமலா இருந்திருப்பீர்கள்?" என்றார். அவர் கூற்று உண்மை. சிரித்திருக்கிறோம். சிரித்திருக்கக் கூடாத இடத்திலும் சிரித்திருக்கிறோம். இரண்டையும் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

'நாங்கள்' என்று பன்மையில் பேசுவது பெருமை கருதி அன்று. புகைவண்டி அலுவலகத்தில் குமாஸ்தா எவனும் தனியாக எதையும் செய்வதில்லை. எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், கையெழுத்திடுபவர் ஒருவர். தவறு நேர்ந்தால் மட்டுமே அது தனி ஒருவருடையதாகும். அந்தப் பழக்கமே நாவிலும் ஒட்டிக்கொண்டது, பொறுத்தருள்க.

நாம் கூடியிருக்கும் இவ்விடத்தைப்பற்றி ஒரு சொல். வெலிங்டன் தீவு கடவுள் படைத்த தீவன்று. கடமையாற்றிய மனிதர் படைத்த தீவு. 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் காயலின் அடியிலிருந்து வாரி எடுத்த மண்ணைக் குவித்து இத்தீவை உண்டாக்கினர். துறைமுக வாயிலை அடைத்துக்கிடந்த மணல் திட்டை அறுத்து வழி செய்தபின், 1928 மே 26 அன்று 'பத்மா' என்னும் கப்பல் அப்புது வழியே உள்ளே நுழைந்தது. பின்னர்ப் பாலமும் தண்டவாளமும் வந்தன. தீவின் முனையில் துறைமுக நிலையம் எழுந்தது. இன்று அந்நிலையத்திற்கு முன்போல் வண்டிகள் வருவதில்லை. ஆயினும், அத்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கேயும் மட்டாஞ்சேரியிலும் எர்ணாகுளத்திலும் தங்கிவிட்டன. நம்மில் பலருக்குச் சோறிட்டது ஒன்று கப்பல், அல்லது வண்டி. கப்பலுக்கும் வண்டிக்கும் நேரம் தவறாமை உயிர். ஆகவே ஒழுங்கு நடவடிக்கை என்பது நம் வீட்டு அடுப்பங்கரை வரையில் எட்டிப்பார்த்த ஒரு விருந்தாளி.

அவ்விருந்தாளியின் முகத்தை அறியாதாருக்குச் சிறிது விளக்கம் கூற வேண்டும். புகைவண்டி ஊழியருக்கான ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் 1968ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டவை. சிறு தண்டனை, பெருந்தண்டனை என இருவகை. கண்டனம், பதவி உயர்வை நிறுத்திவைத்தல், நட்டத்தைச் சம்பளத்தில் பிடித்தல், இலவசப் பயணப் பாசை நிறுத்துதல், ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்துதல் முதலியன சிறு தண்டனைகள். கட்டாய ஓய்வு, பணி நீக்கம் முதலியன பெரியவை. சிறு தண்டனைக்கு வரும் காகிதம் பதினோராம் எண் படிவம். பெருந்தண்டனைக்கு வருவது ஐந்தாம் எண் படிவம். கணக்கில் ஐந்தைவிடப் பதினொன்று பெரிது. புகைவண்டியில் மட்டும் பதினொன்றைக் கண்டவன் பெருமூச்சு விடுவான்; ஐந்தைக் கண்டவன் நாற்காலியைத் தேடுவான். புதிதாக வந்த பையன் ஒருவன், "நல்ல வேளை, ஐந்துதான் வந்தது" என்று மகிழ்ந்து பழம் வாங்கிக் கொடுத்த கதையும் எங்களிடம் உண்டு. பழத்தைத் தின்றபின்னரே நாங்கள் அவனுக்கு உண்மையைச் சொன்னோம்.

படிவம் கைக்கு வந்தால் பத்து நாளுக்குள் விளக்கம் எழுத வேண்டும். தண்டனை விதித்தபின் நாற்பத்தைந்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பெரிய விசாரணையில் துணைக்கு ஒரு சக ஊழியரை அழைத்துக்கொள்ளலாம். ஒருவன் வாயைத் திறந்து தன் பக்கத்தைச் சொல்லாதவரையில் அவனைத் தண்டிக்கலாகாது என்பதே இவற்றின் உட்பொருள். அவ்வாறு அவன் வாய் திறக்கும்போதுதான், அன்பர்களே, நகை பிறக்கிறது.

"உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?" என்று கேட்பது எங்கள் வழக்கம். ஒருவர் எழுதினார்: "எடுக்கக் கூடாது என்பதே அடியேனின் கருத்தும் ஆகும். தாங்களும் அவ்வாறே எண்ணுவது கண்டு மகிழ்ச்சி." மற்றொருவர் மேசைமீது தலை வைத்து உறங்கிய குற்றத்திற்கு, "உறங்கவில்லை, கோப்பின் எழுத்து மிகச் சிறிதாகையால் அருகில் வைத்துப் படித்தேன்" என்றார். "கண் மூடியிருந்ததே?" என்று கேட்டதற்கு, "படித்ததைச் சிந்தித்துக்கொண்டிருந்தேன்" என்றார். மூன்றாமவருக்கு ஓராண்டுக்குப் பாஸ் நிறுத்தம். அவர் மேல்முறையீட்டில் எழுதியது இது: "குற்றம் செய்தவன் நான். நானோ வீட்டை விட்டு எங்கும் போகாதவன். பாசில் ஊருக்குப் போகிறவள் என் மனைவி. இத்தண்டனை அவளுக்கு, அவளோ இலாகாவின் ஊழியர் அல்லள். எந்த விதியின்கீழ் அவளைத் தண்டித்தீர்கள்?" மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். ஆனால், தண்டனையை மாற்றவில்லை. சிரிப்பு வேறு, தீர்ப்பு வேறு என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையையே முதலில் வைத்தார் என்று நம் சங்கத்து இலக்கிய வகுப்பில் கேட்டிருக்கிறோம். அந்நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் கூறினார்: எள்ளல், இளமை, பேதைமை, மடமை. பின் மூன்றும் யாருக்கும் தீங்கு செய்யாதவை. குழந்தையின் மழலையும், அறியாதவனின் அறியாமையும், அறிந்தும் மயங்குபவனின் மயக்கமும் அவை. முதலாவதாகிய எள்ளல் அப்படிப்பட்டதன்று. அது மற்றொருவனைத் தாழ்த்திப் பிறப்பது. மெமோ எழுதும் கைக்கு இந்நான்கின் வேற்றுமை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இன்று நாங்கள் சொல்ல வந்த செய்தி.

பேதைமைக்கு ஒரு சான்று. எங்களுள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலைக்கு வந்த புதிது. மலையாளம் ஒரு சொல்லும் அறியார். ஊர் பெயர் வேண்டா, ஒரு சிறு நிலையம். மழைக்காலம். அங்கிருந்து தொலைபேசியில் ஒரு பாயிண்ட்ஸ்மேன், "சாரே, இவிடெ வெள்ளம் இல்லா" என்றார். நம்மவர் மகிழ்ந்து, "மிக நல்லது" என்று கூறிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்: "மழை உண்டு, வெள்ளம் இல்லை, நிலைமை சீர்." மறுநாளும் தொலைபேசி: "சாரே, இன்னும் வெள்ளம் வந்நில்லா." நம்மவர், "வரவே வேண்டாம், ஐயா!" என்று உளமார வாழ்த்தினார். மூன்றாம் நாள், குடிக்கத் தண்ணீரின்றி அந்நிலையத்தார் பட்ட பாடு மேலிடத்திற்கு எட்டியது. இருவருக்கும் மெமோ பறந்தது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். நாம் வெள்ளம் என்பதை அவர்கள் வெள்ளப்பொக்கம் என்பர். இதனை இங்குள்ள சிறு குழந்தையும் அறியும். அன்று நம்மவர் அறிந்திலர்.

அதிகாரி கன்னட நாட்டவர். இரு மொழிக்கும் பொதுவானவர். பதிவேட்டை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிற்று. "இதே பிழை தலைகீழாக நேர்ந்திருந்தால்? ஒருவன் வெள்ளம் வந்தது என்று அலற, மற்றவன் தண்ணீர் வந்தது என்று மகிழ்ந்திருந்தால்?" என்று கேட்டார். அறை அமைதியாயிற்று. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சீர்குலைந்து தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்ததையும், நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் புகைவண்டியில் உப்புத் தின்ற எவரும் மறவார். அவ்விபத்திற்குப் பொறுப்பேற்று அன்றைய புகைவண்டித் துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவருக்கு யாரும் பதினோராம் எண் படிவம் அனுப்பவில்லை. தமக்குத் தாமே அனுப்பிக்கொண்டார்.

அதிகாரி அந்தத் தமிழருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை விடுத்தார். மூன்று திங்களில் மலையாளம் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். பாயிண்ட்ஸ்மேன்மீது குற்றமில்லை என்று முடித்தார். தண்ணீர் பற்றிய செய்தியை இனி 'குடிநீர்' என்றே சொல்ல வேண்டும் என்று அனைவருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அந்தத் தமிழர் மலையாளம் கற்றார். அவர் யார் என்று கேளாதீர்கள். இப்போது அவர் உங்கள் முன்னே நின்று பேசிக்கொண்டிருக்கிறார்.

நகைப்புக்கு இடமான ஒரு காகிதம் நன்மையில் முடிவது புகைவண்டிக்குப் புதிதன்று. 1909இல் வங்காளத்தில் ஒக்கில் சந்திர சென் என்பவர் சாகிப்கஞ்சு அலுவலகத்திற்கு ஒரு முறையீடு எழுதினார். பலாப்பழம் தின்று வயிறு உப்பிய நிலையில் அகமதுபூர் நிலையத்தில் வண்டியை விட்டு இறங்கி ஒதுங்கினாராம். கார்டு ஊதலை ஊதிவிட்டார். இவர் ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, பலர் காண நடைமேடையில் விழுந்தார். அந்தக் கார்டுக்குப் பெருந்தொகை அபராதம் விதிக்க வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. அவருடைய ஆங்கிலம் இன்றும் படிப்பவரைச் சிரிக்க வைக்கிறது. கீழ்வகுப்புப் பெட்டிகளிலும் கழிவறை அமைய அம்முறையீடு தூண்டுகோலாயிற்று என்பர். தில்லிப் புகைவண்டிக் காட்சிச்சாலையிலும் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். கார்டைத் தண்டித்து முடித்திருந்தால் கோப்பு மூடப்பட்டிருக்கும். நேரத்திற்கு ஊதலை ஊதியது கார்டின் கடமை. குறை ஆளிடம் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. ஆங்கிலத்தைக் கண்டு சிரித்து எறிந்துவிடாமல், அதனுள் இருந்த வயிற்று வலியையும் யாரோ படித்திருக்கிறார்கள்.

இனி எள்ளலுக்கு வருவோம். அதற்குத் தொலைவு செல்ல வேண்டா. இதோ, காயலுக்கு அக்கரையில் மட்டாஞ்சேரி. அங்கே சுமை தூக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும் முறைக்கு ஒரு காலத்தில் 'சாப்பா' என்று பெயர். உலோக வில்லைகளை மூப்பன்மார் கூட்டத்தின் நடுவே வீசுவர். வில்லை கிடைத்தவனுக்கு அன்று வேலை, கிடைக்காதவனுக்குப் பட்டினி. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, மண்ணில் புரண்டு, கையைக் காலால் மிதித்து அவ்வில்லையைப் பொறுக்கினர். தள்ளி நின்று பார்த்தவனுக்கு அது வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம். புரண்டவனுக்கு அது வேடிக்கையன்று. தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர், 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளிவந்த 'துறமுகம்' என்னும் மலையாளத் திரைப்படம் அவ்வரலாற்றையே கூறுகிறது. மனிதனை வேடிக்கைப் பொருளாக்கும் ஒழுங்கு எதில் போய் முடியும் என்பதற்கு அக்கரை மண்ணே சாட்சி.

"அதெல்லாம் மூப்பன்மார் காலம், நாம் படித்தவர்கள்" என்று நாங்களும் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் உடைந்த கதையைச் சொல்லி முடிக்கிறோம். எந்த அலுவலகம் என்று கேளாதிருக்க வேண்டுகிறோம்.

மட்டாஞ்சேரியில் குடியிருந்த நம் தமிழர் ஒருவர், கலாசி வேலை. நாள்தோறும் படகில் ஏறி வேலைக்கு வருபவர். ஒரே திங்களில் ஏழு நாள் தாமதம். நாங்களே பத்திரத்தை எழுதினோம், சரிபார்த்தோம், கையெழுத்து வாங்கி அனுப்பினோம். ஒன்பதாம் நாள் விளக்கம் வந்தது. கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள். அதில் தமிழில் எழுதியிருந்தது: "மதிப்பிற்குரிய ஐயா, நான் தாமதமாக வரவில்லை. படகு சீக்கிரமாகப் போய்விட்டது. படகின்மேல் எனக்குக் கோபம் இல்லை. படகுக்கும் என்மேல் கோபம் இல்லை. நான் வேறு தப்பு செய்யவில்லை."

அன்பர்களே, அத்தாள் அன்று பட்ட பாட்டை என்னென்பது! தேநீர் வேளையில் ஒருவர் எழுந்து நின்று ஏற்ற இறக்கத்தோடு படித்தார். மலையாள நண்பர்களுக்கு மொழிபெயர்த்தோம். இரண்டு வாரம் எங்கள் அறையில் எது தாமதமானாலும் "படகு சீக்கிரமாகப் போய்விட்டது" என்பதே பேச்சு. கோப்பு காணவில்லையா? படகு போய்விட்டது. சம்பளம் வர ஒரு நாள் ஆகுமா? படகு போய்விட்டது. அவர் எங்கள் வாயிலைக் கடந்து போனபோதும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆகவே அவருக்கும் அது விளையாட்டே என்று எண்ணிக்கொண்டோம்.

அதிகாரியும் படித்துச் சிரித்தார். ஆனால், தாளை மடித்து வைக்குமுன் அந்த ஏழு தேதிகளையும் வரிசையாக எழுதிப் பார்த்தார். எல்லாம் ஒன்றுவிட்டு ஒரு நாளாக இருந்தன. அவரைத் தனியே அழைத்து, கதவைச் சாத்தி, நாற்காலியில் அமரச் செய்து கேட்டார். அவர் தெருக் குழாயில் அத்திங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். விடியற்காலையில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மனைவிக்குக் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. தம் வீட்டிற்கும், அடுத்த வீட்டுக் கிழவிக்கும் குடம் நிரப்பிவிட்டு ஓடி வருவதற்குள் படகு போய்விடும். எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதிகாரி எச்சரிக்கையைக் கொடுத்தார், தாமதம் தாமதமே. அத்தோடு, மனைவியின் கால் குணமாகும் வரையில் அரை மணி பின்னே தொடங்கும் முறைக்கு அவரை மாற்றினார். அதன்பின் அவர் ஒருநாளும் தாமதிக்கவில்லை.

அத்துடன் கதை முடிந்தது என்றிருந்தோம். ஒருநாள் மாலை அவர் எங்கள் மேசையருகே வந்து, தலையைச் சொறிந்தவாறு நின்றார். "ஐயா, ஒன்று கேட்கலாமா? அந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை ஏதும் இருந்ததா?"

"ஏன் கேட்கிறீர்கள்?" என்றோம்.

"எனக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும், ஐயா. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள்தான் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், தமிழ் நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்தது. எல்லாரும் படித்துச் சிரித்தார்கள் என்று வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முதல், எங்கே பிழை விட்டேன், எங்கே பிழை விட்டேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்."

எங்களுக்கு நா எழவில்லை. பேதைமை என்று நினைத்து நாங்கள் சிரித்தது இளமை. எங்கள் சிரிப்போ எள்ளல். தமிழ் மண்ணை விட்டு வந்த நாம், நம் குழந்தைகள் தமிழ் எழுத வேண்டும் என்று வகுப்பு நடத்துகிறோம். ஆண்டு விழா எடுக்கிறோம். அவ்வகுப்பில் கற்ற குழந்தை தன் தந்தையைக் காக்கத் தமிழில் எழுதிய முதல் கடிதத்தை நடு அறையில் நின்று படித்து நகையாடினோம். கோப்பை எடுத்துத் திரும்பவும் பார்த்தோம். அவள் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் குற்றச்சாட்டுப் பத்திரத்தில் இரண்டு இருந்தன.

அன்றே ஒரு வெள்ளைத் தாளில், "குழந்தாய், உன் கடிதத்தில் எழுத்துப் பிழை இல்லை; சிரித்தது எங்கள் பிழை" என்று எழுதினோம். ஒருவர் எழுதினார், ஒருவர் சரிபார்த்தார், ஒருவர் கையெழுத்திட்டார். பிறகு மூவருமே கையெழுத்திட்டோம். கோப்பு எண் இல்லாமல் எங்கள் மேசையிலிருந்து வெளியே போன காகிதம் அது ஒன்றுதான்.

ஆகவே, அலுவலகத்திலும் கடையிலும் வீட்டிலும் பிறரை நடத்தும் பொறுப்பில் உள்ள அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. சிரிக்க மறவாதீர்கள், சிரிக்கத் தெரியாத அதிகாரியின் கையில் விதி இரும்பாகிவிடும். ஆனால், காகிதத்தைப் பார்த்துச் சிரியுங்கள். அதனை எழுதியவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சிரித்து முடித்தபின் தேதிகளை ஒருமுறை எழுதிப் பாருங்கள். தண்டிக்க வேண்டியிருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தண்டியுங்கள். எழுந்து போகும்போது அவர் மீண்டும் வேலைக்கு வரத்தக்கவராகவே எழுந்து போக வேண்டும்.

எங்களுக்கு அளித்த நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். சற்று மிகுந்தும் விட்டது போலும். இதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தால், பத்து நாளுக்குள் பதில் எழுதுவோம். அதில் என்ன எழுதுவோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.